மண்டபம் பகுதிக்குக் குடிவருவோருக்கு: வீடு, தண்ணீர், பஸ், ரயில்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியைத் தாண்டிக் கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு நெடுஞ்சாலை, ஒரு தண்டவாளம். பிரப்பன்வலசை, சுந்தரமுடையான், வேதாளை, மரைக்காயர்பட்டினம், மண்டபம் முகாம், மண்டபம், தோணித்துறை எல்லாம் அந்தச் சாலையை நம்பித்தான் இருக்கின்றன. ஊருக்குள் ஊர் போகச் சின்னச் சின்னத் தார்ச்சாலைகள் உண்டு. ஆனால் ராமநாதபுரம் போகவும் ராமேஸ்வரம் போகவும் பஸ் ஓடும் பாதை இது ஒன்றுதான். வழியில் ஒரு லாரி கவிழ்ந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை, பால் வண்டி, பிரசவ கேஸ் எல்லாம் ஒன்றாக நிற்கும். கடல் தெரிகிற மாடியைத் தேடுவதற்கு முன்னால் இதை மனதில் வைத்து வீடு பார்த்தால் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மாற்றலாகி வருகிறவர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் முகாமில் இருக்கிறது. 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகமே இங்கேதான் இருந்தது. கடற்பாசி ஆராய்ச்சி நிலையம், கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து, ரயில்வே, பள்ளிகள், வங்கிகள் என்று வேலைக்கு வரும் இடங்கள் பல. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டால் கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. வெளியே வாடகைக்கு எடுக்கிறவர்கள் முழுதும் படியுங்கள்.

எந்த ஊர்

முதலில் வீட்டில் யார் தினமும் எங்கே போகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கி.மீ. அதில் மண்டபம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கிறது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்துக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி.

வேலை மண்டபத்தில், பிள்ளைகள் படிப்பது ராமநாதபுரத்தில் என்றால் உச்சிப்புளியில் எடுங்கள். இரண்டுக்கும் நடுவழி, கடைத்தெரு உண்டு, ரயில் நிலையம் உண்டு. நிலம் அகலமாக இருப்பதால் உப்புக்காற்றும் கொஞ்சம் மட்டுப்படும். வீட்டில் வயதானவர்களுக்கு மாதாமாதம் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் தேவை என்றால், குடும்பத்தை ராமநாதபுரத்தின் கிழக்கு விளிம்பில், பட்டணம்காத்தான், பாரதி நகர் பக்கம் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர் பஸ்ஸில் வந்துபோவதே நல்லது. கலெக்டர் அலுவலகம் அங்கேதான். கீழக்கரை, ஏர்வாடி, தூத்துக்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையும் அங்கேயே பிரிகிறது.

தினமும் ராமேஸ்வரம் தீவுக்குள் போக வேண்டியவர்களுக்கும், முகாமிலும் மண்டபத்திலும் வேலை பார்க்கிறவர்களுக்கும் மண்டபம் சரி. ஒன்றைக் கவனியுங்கள்: ‘மண்டபம்’ வேறு, ‘மண்டபம் முகாம்’ வேறு. நடுவில் சில கி.மீ. இடைவெளி இருக்கிறது. முகாமை உள்ளூரில் ‘கேம்ப்’ என்பார்கள். புரோக்கர் போனில் ‘மண்டபத்துல வீடு’ என்று சொன்னால் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேளுங்கள். வீடு எங்கே இருக்கிறது என்பதைவிட அந்த ஸ்டாப்பின் பெயர்தான் உங்களுக்கு முக்கியம்.

பிறகு வடக்கா, தெற்கா. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழும்பும்போது அலையும் சாரலும் அந்தப் பக்கம்தான். தென்கரையில் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மணலை வாரி வீசும். ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைக் காற்று வீசும் மாதத்தில் வீட்டுக்குள் தினமும் மணல் கூட்ட வேண்டிவரும். எங்கள் கணிப்பில், இரண்டு கரைகளையும் விட்டு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் எடுப்பதே உத்தமம். கடற்கரைக்கு நடந்து போகும் தூரம்தான் எப்படியும்.

தண்டவாளத்துக்கு மறுபக்கம் வீடு என்றால் நடந்து வரும் வழி, வண்டி வரும் வழி இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பகலில் தண்டவாளத்தைத் தாண்டி ஆட்கள் நடப்பார்கள். ராத்திரி ஆம்புலன்ஸ் அப்படி வர முடியாது. அது ரயில்வே கேட்டைச் சுற்றித்தான் வரும்.

வீட்டைப் பார்க்கும்போது

பகலில், மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் பார்ப்பது நல்லது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்போ பெயிண்டோ அடித்திருந்தால் சுவரைப் பார்த்து ஒன்றும் தெரியாது. குளியலறைக்குப் போய்க் குனிந்து கதவின் அடிக்கீலைப் பாருங்கள். அது முழுசாக இருந்தால் வீட்டுக்காரர் பராமரிக்கிறவர். துருவேறி இலை இலையாக உரிந்து வந்தால் மற்ற இரும்பும் அப்படித்தான் இருக்கும். அடுத்து ஃபேன் மாட்டும் கொக்கி. அதைச் சுற்றித் தளத்தில் பழுப்பு வட்டம் இருக்கிறதா, சிமெண்டு வெடித்திருக்கிறதா? அந்தப் பழுப்பு உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். இரும்பு துருவானால் உப்பிப் பெருக்கும்; அதுதான் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. அந்த அறையில் கட்டிலைப் போடாதீர்கள். ஃபேன் மாட்டவே கூடாது.

சுவரில் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்திருந்தால் தரையின் உப்பீரம் சுவரில் ஏறியிருக்கலாம். கட்டும்போது கடற்கரை மணலைக் கலந்திருக்கலாம், அல்லது உப்புத்தண்ணீரில் சிமெண்டு குழைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் மேலே பெயிண்டு அடித்து அது தீராது. பூச்சைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அந்தச் சுவரை ஒட்டிப் பீரோ, புத்தக அலமாரி வைக்காதீர்கள்.

வந்தபிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. இரும்புக் கேட்டை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினாலே ஆயுள் கூடும். பெயிண்டு அடிக்கும்போது துருவை உப்புத்தாளால் சுரண்டி, ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு கொடுத்து, அது காய்ந்தபின்தான் பெயிண்டு. ஏசி வாங்கினால் செம்புக் குழாயும், தகட்டில் துரு தடுக்கும் பூச்சும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெளியே இருக்கும் யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல், மாதம் ஒருமுறை கரண்டை அணைத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பைக் செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் விடுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். பைக்கை உறைபோட்டு மூடுவது இங்கே கெடுதல்: ஈரமும் உப்பும் உறைக்குள்ளேயே நின்று உள்ளிருந்து அரிக்கும். கூரை இருந்தால் போதும்.

தண்ணீர்

வீட்டு வாடகையைவிட முக்கியமான பேச்சு இது. முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: காவிரித் தண்ணீர் இந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, வீட்டுக்குள் குழாயா தெருக்குழாயா? வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். காலையில் தெருக்குழாயடியில் குடங்களை வரிசை வைத்துத் தள்ளுவண்டியோடு நிற்கும் அக்காமார்களிடம் கேளுங்கள். சரியான கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து எடுக்கும் தண்ணீர் குழாய் வழியாக இந்த மாவட்டத்துக்கு வருகிறது. மண்டபம் இருப்பது அந்தக் குழாயின் கிழக்குக் கோடிப் பக்கம். வழியில் எங்கே உடைப்பு எடுத்தாலும், பம்ப்பிங் ஸ்டேஷனில் கரண்டு போனாலும் முதலில் வற்றுவது கடைசிக் குழாய்தான். அதனால் சேமிப்புக் கணக்கு இப்படிப் போடுங்கள். நாலு பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர். 5 நாள் தண்ணீர் வராவிட்டாலும் சமாளிக்க 125 லிட்டர். சாதாரணப் பிளாஸ்டிக் குடம் 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும். ஆக 10 குடம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த குடத்தை மூடியே வையுங்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது சாக்கடையில் அல்ல, இப்படிச் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான். வாரம் ஒருமுறை காலி செய்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். வெறுமனே அலசினால் ஒட்டியிருக்கும் முட்டை போகாது.

குளிக்க, துவைக்கக் கிணற்றுத் தண்ணீர் அல்லது போர். இங்கே ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்ற வெளியூர்க் கணக்கு செல்லாது. மணலுக்கடியில் உப்புத்தண்ணீரின் மேல், பாலின் மேல் ஆடை படிவதுபோல, மழைத்தண்ணீர் மெல்லிய அடுக்காக நிற்கிறது. 15, 20 அடிக் கிணறு அந்த ஆடையிலிருந்து எடுக்கும். 100 அடி போர் அதைத் தாண்டிப் போய்விடும். பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால் நல்ல தண்ணீர் தீர்ந்து, அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவரும். ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த நல்ல மழைவரை இறங்காது. ஆகவே அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதும். காலையில் இருபது நிமிஷம், சாயந்தரம் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரைக் குதிரைத்திறன் போட்டிருந்தால் உங்கள் கிணறும் கெடும் என்பதால் தெருவாகப் பேசி ஒரு முடிவுக்கு வருவது நல்லது.

சோதிக்கும் முறை: தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வீடு பார்க்கக் கொண்டுபோங்கள். மோட்டாரைப் போட்டவுடன் ஒரு அளவு, பதினைந்து நிமிஷம் ஓடியபின் இன்னொரு அளவு எடுங்கள். இரண்டாவது அளவுதான் உண்மை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். டிசம்பரில் பார்த்த வீட்டில் 600 காட்டினால் மே மாதத்தில் அது எவ்வளவு ஏறும் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். 2000-க்கு மேல் போனால் வீட்டு ஆர்.ஓ. மெஷினும் அதிக நாள் தாங்காது. மீட்டர் இல்லையா? குளியல் சோப்பை நனைத்துக் கையில் தேயுங்கள். நுரை வராமல் வெள்ளைத் திப்பியாகத் திரண்டால் அந்தத் தண்ணீரில் துணியும் வெளுக்காது, ஹீட்டரும் தாங்காது.

விலைக்கு வாங்கும் 20 லிட்டர் கேனை நம்பி இருப்பவர்கள் ஒன்று நினைவில் வையுங்கள்: திருவிழா நாட்களில் தண்ணீர் வண்டியும் அதே சாலையில்தான் மாட்டிக்கொள்ளும். இரண்டு கேன் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பஸ்

ராமேஸ்வரம் போர்டு போட்ட பஸ் எல்லாம் இந்த வழியாகத்தான் போகும். ஆனால் எல்லா பஸ்ஸும் எல்லா ஸ்டாப்பிலும் நிற்காது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

மதுரை, திருச்சி, கோவைப் பக்கமிருந்து வரும் தூரத்துப் பஸ்கள் ராமநாதபுரம் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போதே பாதி நிறைந்திருக்கும். உச்சிப்புளி, மண்டபம் பொதுவாக நிற்கும். முகாம், வேதாளை, சுந்தரமுடையான் என்றால் ஏறும் முன் கண்டக்டரிடம் “அண்ணே, கேம்ப் நிக்குமா?” என்று கேட்டுவிடுங்கள். ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கும்போது கேட்டால், நிற்காத பஸ்ஸில் மண்டபத்துக்கு டிக்கெட் எடுத்து அங்கிருந்து ஆட்டோவில் திரும்பி வர வேண்டியதாகும். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகப் பஸ்ஸில் குறைந்தபட்சத் தூரத்துக்கான கட்டணம் வேறு, பத்து கி.மீ. போக அதில் ஏறுவது வீண்செலவு.

பெண்களுக்கு 2021 முதல் இருக்கும் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பஸ்ஸில் மட்டும்தான். ராமேஸ்வரம் போர்டு போட்ட வெளியூர் பஸ்ஸில் அது செல்லாது. தினமும் போய்வரும் பெண்கள் உங்கள் ஊர் வழியாக எந்தெந்த நேரத்தில் நகரப் பஸ் ஓடுகிறது என்று ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் கேட்டுக் குறித்து வையுங்கள். மாதச் செலவில் அது நன்றாகத் தெரியும்.

காலையில் மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல். ராமேஸ்வரத்தில் புறப்படும் பஸ் தங்கச்சிமடம், பாம்பனில் நிறைந்துவிட்டால் மண்டபத்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். முகாமில் கை காட்டினாலும் நிற்காமல் போய்விடும். பள்ளி நேரத்துக்கு ஒரு பஸ் முன்னதாகப் புறப்படுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முகாமில் ஏற முடியாத நாளில் ஷேர் ஆட்டோவில் மண்டபம் பஸ் ஸ்டாப்புக்குப் போய் ஏறுவது, முகாமிலேயே நின்று காத்திருப்பதைவிட வேகம்.

மதுரை விமான நிலையம் போகிறவர்கள் மாட்டுத்தாவணி வரை போகாதீர்கள். விரகனூர் ரிங் ரோட்டில் இறங்கினால் அங்கிருந்து தெற்கே ரிங் ரோடு வழியாகவே விமான நிலையம் போய்விடலாம். மாட்டுத்தாவணி போய்த் திரும்புவது நகர நெரிசலுக்குள் போய் அதே இடத்துக்கு வருவதுதான். கண்டக்டரிடம் ஏறும்போதே விரகனூர் என்று சொல்லி டிக்கெட் எடுங்கள். மண்டபத்திலிருந்து விரகனூருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்னதாக வீட்டைவிட்டுக் கிளம்பினால் பதற்றமில்லை.

ரயில்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 161 கி.மீ. பாசஞ்சர் ரயில் பஸ்ஸைவிட மலிவு. மூட்டை முடிச்சோடு போகிறவர்களுக்கும், கழிப்பறை தேவைப்படும் வயதானவர்களுக்கும் அதுவே சௌகரியம். முகாமில் ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது என்றே திட்டமிடுங்கள்.

சென்னை ரயில்களில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. சேது எக்ஸ்பிரஸும், போட் மெயில் என்று இன்னும் எல்லோரும் சொல்லும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் மதுரைக்குப் போகாது. மானாமதுரையில் வடக்கே திரும்பி சிவகங்கை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகும். மதுரையில் இறங்கும் உறவினருக்கு அந்த ரயிலில் டிக்கெட் போட்டால் மானாமதுரையில் இறங்கி மாற வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம் ரயில் காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறை வழியாகப் போகிறது. டெல்டாப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு அது நல்ல ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பொங்கல், தீபாவளிக்கு முன்பதிவு திறக்கும் அன்று காலையே பதிவு செய்யாவிட்டால் காத்திருப்போர் பட்டியல்தான்.

எங்கே ஏறுவது? ரயில் மண்டபத்தில் நிற்குமா என்று முதலில் பாருங்கள். நிற்காத ரயிலுக்கு ராமேஸ்வரம் கிட்டே. அங்கேதான் புறப்படுகிறது என்பதால் சாமான் வைக்க நேரம் கிடைக்கும். ஆனால் அமாவாசை நாட்களில் பாம்பன் பாலம் தாண்டிப் போகாதீர்கள். ராமநாதபுரத்தில் போய் ஏறுங்கள். தூரம் இரட்டிப்பு, ஆனால் ரயிலைப் பிடிப்பது நிச்சயம்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கும்வரை ரயில்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலுமே திரும்பின. புதிய பாலத்தின் நடுத் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். கப்பல், பெரிய படகு போகும்போது அப்படியே மேலே எழும்பும். பலத்த காற்றிலும் ரயிலைப் பாலத்துக்கு முன் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஐப்பசி முதல் தை வரை ராமேஸ்வரத்தில் புறப்படும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவர்கள், வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் 139-ல் கேட்டுவிடுங்கள். ரயில் மண்டபத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ புறப்படுவதாக மாற்றியிருக்கலாம்.

சாலை அடைபடும் நாட்கள்

தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகள் மூன்றும் பெரியவை. முந்தின நாள் மதியத்திலிருந்தே வேன்கள் வரத் தொடங்கும். அமாவாசை அன்று மாலைவரை கிழக்கு நோக்கிய பஸ்ஸில் இடம் கிடைக்காது, அன்று மதியத்துக்குப் பின் மேற்கு நோக்கிய பஸ்ஸில் கிடைக்காது. உள்ளூர்க்காரர்கள் இந்த இரண்டு நேரத்தையும் எதிர்த்திசையில் பயன்படுத்திக்கொள்வார்கள்: அமாவாசைக் காலையில் ராமநாதபுரம் போய்விட்டு, இரவில் திரும்புவது எளிது. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்களின் வேன்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறையில் சுற்றுலாக் கார்கள். சாலைப் பாலத்தில் கார்களை நிறுத்திப் படம் எடுப்பதால்தான் பெரும்பாலான நெரிசல் உண்டாகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் பாலத்தில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பாம்பன் பக்கம் இறங்கி நடந்து வந்து பார்க்கலாம்.

செப்டம்பர் 11-ல் பரமக்குடியிலும், அக்டோபர் 28 முதல் 30 வரை கமுதி அருகே பசும்பொன்னிலும் நினைவு நாட்கள். அந்நாட்களில் மதுரைச் சாலையில் போலீஸ் தடுப்பு, வழிமாற்றம், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். மதுரையில் ஆஸ்பத்திரித் தேதி, நேர்காணல், விமானம் எதையும் அந்நாளில் வைக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் முந்தின நாளே போய்த் தங்குங்கள், அல்லது ரயிலில் போங்கள்.

காற்றும் மழையும்

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்த்துப் பழகுங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில்; 3, 4 என்றால் பலத்த காற்று துறைமுகத்துக்கே வரலாம்; 5-க்கு மேல் அபாயம். 3 ஏறியதும் செய்ய வேண்டியது: குடங்களை நிரப்புங்கள், மாடித் தொட்டியையும் நிரப்புங்கள் (காலித் தொட்டி காற்றில் பறக்கும்), போனை சார்ஜ் போடுங்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கொக்கி ஆணிகளைச் சரிபாருங்கள், இரண்டு நாள் பால் பவுடர், மருந்து எடுத்து வையுங்கள். புயல் இல்லாமலும் மழை கொட்டும். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. மண்டபத்திலும் பாம்பனிலும் 20-ஐத் தாண்டியது. தரைத்தளத்து வீட்டில் பிரிட்ஜை இரண்டு செங்கல் உயரத்தில் வைப்பது நல்ல பழக்கம். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

ஊரார்

மீன்பிடிக்கிறவர்கள், பனையேறுகிறவர்கள், மரைக்காயர்கள், பாசி எடுக்கும் பெண்கள், சர்க்கார் வேலைக்கு வந்தவர்கள், எல்லாம் கலந்த ஊர்கள் இவை. முகாம் என்ற பெயர் வந்தது, இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்புமுன் தங்கவைத்துச் சோதித்த இடம் என்பதால். இப்போது அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. பலர் இங்கேயே பிறந்து வளர்ந்து, பிள்ளைகளை நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அகதி என்று கூப்பிடாதீர்கள். பெயர் சொல்லியோ, அண்ணன், அக்கா என்றோ கூப்பிடுங்கள்.

மீன் வாங்க ஒரு கணக்கு இருக்கிறது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு மற்ற 4 நாள். விசைப்படகு போய்வந்த மறுநாள் காலையில் இறால், நண்டு அதிகம் இறங்கும். அன்று ஐஸ் லாரிகளும் மீன் வண்டிகளும் மண்டபத்தில் சாலையை அடைக்கும். நாட்டுப்படகு மீன் குறைவு, ஆனால் அன்றே பிடித்தது. வீட்டுக் குழம்புக்கு அதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விலை ஏறும். காய்கறி, மளிகையை மாதத்துக்கு ஒருமுறை ராமநாதபுரத்தில் மொத்தமாக வாங்கிவிட்டு, தேங்காய், கருப்பட்டி, முருங்கையை உள்ளூரிலேயே வாங்குங்கள்.

முகவரி

பார்சல் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்கோடு குழப்பம். மண்டபம் 623518. மண்டபம் முகாம் 623519. மீன்வள ஆராய்ச்சி மையம் இருக்கும் தபால் அலுவலகத்துக்கு 623520. வீட்டுக்காரரிடம் அவருடைய கரண்டு பில்லை வாங்கி, அதில் உள்ளபடி தெருப்பெயரை எழுதி, கூடவே பஸ் ஸ்டாப் பெயரையும் சேருங்கள். குடிவந்த முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் ரேஷன் கார்டு முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். கேஸ் இணைப்பு மாற்றக் கடிதத்தைப் பழைய ஊர் ஏஜென்சியில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பழைய ஊரைவிட்டு வந்தபின் கடிதம் வாங்கத் திரும்பப் போவது ஒரு நாள் லீவைத் தின்றுவிடும். 108-க்குக் கூப்பிடும்போது “மண்டபம்” என்று மட்டும் சொல்லாமல் முகாமா, மண்டபமா, சாலைக்கு வடக்கா தெற்கா, தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.